இரண்டாவது தொட்டி

யாகப்பனுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் ஒன்பது வருஷம் கடலில் சோறு தின்றவர் என்று எருக்கம்பள்ளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'கப்பல்'தான். அவர் வேலை பார்த்ததோ கப்பலில் இல்லை, பாய்மரப் படகில். அந்தப் பாயை அவர் தொட்டதில்லை, சுக்கானையும் பிடித்ததில்லை. பம்பாயில் பெஸ்தன்ஜி என்ற பார்சிக் கிழவருக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. அதன் குடிதண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய்கள் இவை கெடாமல் பார்த்துக்கொள்வது யாகப்பனின் உத்தியோகம்.

1983இல் ஊர் திரும்பிய புதிதில் இதைப் புரியவைக்க அவர் கொஞ்ச நாள் முயன்றார்.

"ஏம்ப்பா, சுத்தியும் தண்ணி. அதுக்கு நடுவுல தண்ணிக்குன்னு ஒரு ஆளா?" என்று டீக்கடையில் கேட்டார் மாதேஸ்வரன். ஊரில் பெரிய காடுகரைக்காரர். பின்னால் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆனவர்.

"சுத்தியும் அந்தத் தண்ணியா இருக்கறதாலதாங்க ஆளு."

"நம்மூர்ல சுத்தியும் தண்ணியே இல்ல. இங்க உன்ன மாதிரி எத்தன பேரு வேணும்?"

கடையே சிரித்தது. யாகப்பனும் சிரித்துவைத்தார். அதற்குப் பிறகு யாராவது கப்பல் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பொம்மிடியில் ரயிலேறி பம்பாய் போனபோது அவருக்கு வயது இருபத்தாறு. பைப் வேலை தெரியும். பங்குச் சாமியாரின் சிபாரிசுக் கடிதம் கையில் இருந்தது. இரண்டு வருஷம் ஒரு பட்டறையில் இருந்துவிட்டுப் பெஸ்தன்ஜியிடம் சேர்ந்தார். கிழவருக்குக் கடல் என்றால் உயிர். ஆனாலும் வருஷத்தில் இருபது நாள்தான் படகு நங்கூரத்தை விட்டு நகரும். மிச்ச நாளெல்லாம் அது நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே படுக்கைப் பலகைக்கு அடியில் முந்நூறு லிட்டர் தகரத் தொட்டி ஒன்று. நிற்கும் தண்ணீர் நாறும், நாறவிடாமல் வைப்பதற்கு யாகப்பன். போகாத படகில், குடிக்காத தண்ணீரை, கெடாமல் காப்பது. இதற்கு மாதா மாதம் சம்பளம் வேறா என்று ஆரம்பத்தில் அவருக்கே கூச்சமாக இருந்தது.

எழுபத்தொன்பதில் கூச்சம் போயிற்று. படகின் மேல்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூடிகள் இருந்தன. ஒன்று டீசலுக்கு, ஒன்று தண்ணீருக்கு. ரத்தினகிரிப் பக்கம் போகும் வழியில் பெஸ்தன்ஜியின் மருமகன், பெரிய படிப்புப் படித்தவர், ஒரு டின் டீசலைத் தண்ணீர் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார். அன்றைக்கென்று காற்றும் நின்றுபோனது. இன்ஜின் ஓட்ட டீசல் இல்லை, ஏனென்றால் அது தண்ணீரில் இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை, ஏனென்றால் அதில் டீசல் இருந்தது. நாலு பேர், ஒன்றரை நாள், ஒரு பிளாஸ்க் டீ, ஒரு தர்பூசணி. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அந்த ஒன்றரை நாளில் யாகப்பன் சொன்ன ஜெபங்களை அவர் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

கரை சேர்ந்ததும் கிழவர் தகரத் தொட்டியைப் பிடுங்கி எறியச் சொன்னார். யாகப்பன் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினார். ஒன்றுக்குப் பதில் எவர்சில்வரில் இரண்டு தொட்டிகள். கை உள்ளே போய்த் துடைக்கும்படி ஒவ்வொன்றிலும் அகலமான வாய். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் கறுப்புக் குழாய். திறந்துவிட்டு மறந்துபோக முடியாதபடி, காலால் மிதித்தால் மட்டும் வரும் பம்பு. இரண்டு தொட்டிக்கும் நடுவில் மூணு வழி காக், அதாவது வால்வு, ஒன்று: கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் முதல் தொட்டி, வலது பக்கம் தள்ளினால் இரண்டாவது தொட்டி, நடுவில் வைத்தால் இரண்டும் மூடிக்கொள்ளும். ஒரு தொட்டியில் குடி, அடுத்ததைத் தொடாதே. ஒன்று கெட்டால் ஒன்று இருக்க வேண்டும் என்பது கிழவரின் சட்டம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் பலவற்றைக் கேட்டிருந்த யாகப்பனுக்கு இந்த ஒன்று மட்டும் மனசில் தங்கிவிட்டது.

அந்தக் காக்குக்காக அலைந்தபோது, உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் சந்தில் முதலில் வாங்கியது அளவு தப்பிவிட்டது. படகுக் குழாய் விரல் கனம், இதுவோ இரண்டு அங்குல வாய், பித்தளை, நாலு கிலோ. கிழவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது படகுக்கு இல்லை, ஊருக்கு ஆகும். நீயே வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டார். எண்பத்து மூன்றில் அவர் செத்தார். மகன் படகை விற்றார். யாகப்பன் ஒரு டூல்ஸ் பெட்டியோடும் அந்தக் காக்கோடும் வந்து இறங்கினார்.

மனைவி லூர்து மேரி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒம்போது வருசத்துக்கு இதுதானா?"

"மூணு வழி காக்கு. இந்த ஜில்லாவுல எவங்கிட்டயும் கெடையாது."

"எவனுக்கும் வேணாம், அதனால கெடையாது. எடைக்குப் போட்டா ஒரு பித்தள குண்டா வாங்கலாம்."

வாங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அது மூன்று வருஷம் இருந்தது.

ஊரில் ஒரு மேல்நிலைத் தொட்டி இருந்தது. போர் தண்ணீரை மோட்டார் ஏற்றும், தெருக் குழாய்களில் காலையில் இரண்டு மணி நேரம் வரும். மோட்டார் போடுவதற்கு ஆள் தேவைப்பட, யாகப்பனை வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் அவர் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கினார். கட்டி எட்டு வருஷத்தில் உள்ளே இறங்கிய முதல் மனிதர் அவர்தான். முழங்கால் சேறு, ஒரு புறாக்கூடு, காக்கையின் மிச்சம், ஜோடி சேராத இரண்டு செருப்பு. எல்லாவற்றையும் வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மூன்று தடவை கழுவினார். மறுநாள் ஊரே சண்டைக்கு வந்தது. தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறதாம், சோறு இறங்கவில்லையாம். எட்டு வருஷம் காக்கைத் தண்ணீர் குடித்தபோது யாருக்கும் எந்த வாடையும் தெரியவில்லை.

எருக்கம்பள்ளத்தில் இரண்டு தெருக்கள். மாரியம்மன் தெரு, மாதா தெரு. மூன்று தலைமுறைக்கு முன்னால் இரு தெருவும் ஒரே பங்காளிகள். சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள், சிலர் பெறவில்லை, அவ்வளவுதான். நிலங்கள் இன்னும் ஒரே வரப்பில்தான் இருக்கின்றன. காட்டில் இன்னும் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிறார்கள். தெருவுக்குள் வந்தால்தான் அவர்களுக்குச் சமயம் நினைவுக்கு வரும். தொட்டியும் ஒன்று, பிரதானக் குழாயும் ஒன்று என்பதால் தண்ணீரில் மட்டும் அதுவரை ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது யாகப்பன்.

மழை பொய்க்க ஆரம்பித்திருந்த நேரம். ஊருக்கு இரண்டாவது தொட்டி வேண்டும் என்று அவர் பாப்பிரெட்டிப்பட்டி யூனியன் ஆபீசுக்கு மனு மேல் மனு போட்டார். ஒரு தொட்டி கெட்டால், கழுவினால், ஓட்டை விழுந்தால் மற்றது கைகொடுக்க வேண்டும். படம் வரைந்து கொண்டுபோனார். இரண்டு தொட்டிகள், நடுவில் பித்தளைக் காக், அங்கிருந்து ஊருக்கு ஒரே குழாய். என்ஜினியர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். படகில் என்றார் யாகப்பன். என்ஜினியர் படத்தை மடித்துப் பைலில் வைத்துக்கொண்டார்.

எண்பத்தாறில் தொட்டிக்கு உத்தரவு வந்தது. யாகப்பன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: ஊரில் யாருமே எதிர்க்கவில்லை. பிரசிடெண்ட் மாதேஸ்வரன் உடனே சரி என்றார். மாதா தெருவில் பெரிய மனிதனாக வந்துகொண்டிருந்த சவுரியப்பன், யாகப்பனின் சித்தப்பா மகன், மாலையோடு வந்தான்.

"அண்ணா, நம்ம தெருவுக்குன்னு ஒரு டேங்க்கு வாங்கிக் குடுத்துட்டீங்க. எங்கப்பன் காலத்துல முடியாதது."

"தெருவுக்கு இல்லடா. ஊருக்கு. ஒண்ணு கெட்டா ஒண்ணு."

"அதேதாண்ணா. அவுங்களுது கெட்டா கெடட்டும். நம்மளுது நமக்கு."

யாகப்பன் பிரசிடெண்டிடம் ஓடினார். அங்கே இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். பழைய தொட்டி மாரியம்மன் தெருவுக்கு, புதுத் தொட்டி மாதா தெருவுக்கு. தனித் தனிக் குழாய்.

"படத்துல ஒரே கொழாய்தாங்க போட்டிருக்கேன்."

"படம் நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா நீ கடல்ல இருந்துட்ட யாகப்பா. ஊர் நெலவரம் உனக்குப் பத்தாது."

அவர் மூன்று நாள் நடையாக நடந்து ஒன்றை மட்டும் சம்பாதித்தார். மாரியம்மன் தெருக் குழாய் தொடங்கும் இடத்தில் அந்தப் பித்தளைக் காக்கை மாட்டிக்கொள்ளலாம். புதுத் தொட்டியிலிருந்தும் ஒரு கிளைக் குழாய் அதற்கு வந்து சேரும். கைப்பிடி இடது பக்கம் இருந்தால் தெருவுக்குப் பழைய தொட்டித் தண்ணீர், வலது பக்கம் தள்ளினால் புதுத் தொட்டித் தண்ணீர். ஆபத்துக்கு மட்டும் என்ற பேச்சில் மாதேஸ்வரன் ஒப்புக்கொண்டார். சவுரியப்பன் அதை இடது பக்கமே வைத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். யாகப்பன் அதை மாட்டினார், இடது பக்கம் வைத்தார், கைப்பிடியைக் கழற்றித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு காக் அங்கே இருக்கும்வரை ஊருக்கு இருப்பது ஒரே தண்ணீர்தான் என்பது அவர் கட்சி. அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூட.

செப்டம்பரில் மாதா திருவிழா. கொடியேற்றத்துக்கு முன்னால் புதுத் தொட்டிக்கு வெளியே மாதாவின் நீலமும் வெள்ளையும் அடித்து, உச்சியில் சிலுவை வைத்து, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்தார்கள். தூரத்து ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிந்தது.

மாரியம்மன் தெரு பொறுத்திருந்தது. அடுத்த சித்திரையில் அவர்கள் திருவிழா வந்தது. பழைய தொட்டிக்கு மஞ்சள் எனாமல் பெயிண்ட், மூன்று கோட்டு. அவர்கள் வெளியே மட்டும் அடித்தார்கள், நாம் உள்ளேயும் அடிப்போம் என்றார்கள் இளவட்டங்கள். யாகப்பன் அன்று பார்த்து ஒரு சாவுக்காக அரூர்ப் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்தபோது உள்ளே அடித்து முடித்து, அன்று மாலையே தண்ணீரும் ஏற்றிவிட்டிருந்தார்கள். அடிவயிறு வரை மஞ்சளாகத் தொட்டி பிரமாதமாக இருந்தது. தண்ணீரை இறக்கச் சொன்ன யாகப்பனை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை மாதேஸ்வரன் தனியாக மோட்டார் அறைக்கு வந்தார்.

"யாகப்பா, தண்ணி ஒரு மாதிரி வாட அடிக்குது."

"உள்ளாரயும் எனாமல் அடிச்சிருக்கீங்க. வாட அடிக்காம என்னாங்க பண்ணும்?"

"பசங்க ஆசப்பட்டுப் பண்ணிட்டானுங்க. தெருவுல நாலஞ்சு கொழந்தைங்களுக்கு வாந்தி. எம் பேத்திக்கும்."

"தண்ணிய எறக்கி, பெயிண்ட்ட சொரண்டி, கழுவி, காய உட்டு, மறுபடியும் கழுவோணும். ஒரு வாரம் ஆவும். அதுவரைக்கும் காக்கத் திருப்பிட்டா புது டேங்க்குத் தண்ணி உங்க தெருவுக்கு வந்துரும். இதுக்குத்தாங்க நான் அன்னிக்கே..."

"சரி, சரி. திருப்பு." மாதேஸ்வரன் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டார். "மாதா தெருவுல தெரிஞ்சா சிரிப்பானுங்க. எங்காளுங்களுக்குத் தெரிஞ்சா என்னய உரிச்சுப்புடுவானுங்க. தண்ணி விட்டு முடிச்சதும் டேங்க்குல சும்மா கழுவுற வேலன்னு சொல்லிக்க."

"எத்தன நாளைக்குங்க தெரியாம இருக்கும்?"

"உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும் யாகப்பா. மேல நாம் பாத்துக்கறேன்."

யாகப்பன் பெட்டியிலிருந்து கைப்பிடியை எடுத்து மாட்டினார். வாங்கி எட்டு வருஷம், மாட்டி எட்டு மாதம். தள்ளினார். பித்தளை முனகக்கூட இல்லை, வெண்ணெயில் கத்தி போவதுபோல் வலது பக்கம் போய் நின்றது. குழாயில் காதை வைத்துக் கேட்டார். தண்ணீர் போகும் சத்தம். வயசு நாற்பத்தொன்று ஆன மனிதர், மோட்டார் அறையில் தனியாக நின்று சிரித்தார்.

அடுத்த ஐந்து நாள் எருக்கம்பள்ளம் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தது. பகலெல்லாம் யாகப்பன் மஞ்சள் தொட்டிக்குள் உட்கார்ந்து இரும்புத் தகட்டால் பெயிண்டைச் சுரண்டினார். சாயந்தரம் இறங்கி வந்து டீக்கடைக்குப் போவார். தலைமயிரெல்லாம் மஞ்சள் தூள். மாரியம்மன் தெருப் பச்சியப்பன் ஒரு நாள் கடைத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"வாட போயிருச்சு பாத்தியா? இப்பத்தான் நம்ம டேங்க்குத் தண்ணி மாதிரி இருக்குது. என்னா ருசி! அவுங்க தண்ணிய அந்தத் தெருப் பங்காளி வூட்டுல ஒரு தடவ குடிச்சேன். சப்புனு இருந்துச்சு. வாயில வெக்க முடியல."

"ஆமாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்" என்றார் யாகப்பன், டீயை ஆற்றிக்கொண்டே.

வீட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு தொட்டி இரண்டு தெருவுக்குப் போனால் பாதி நேரத்தில் காலியாகும்.

"நாலு கொடம் புடிக்கற எடத்துல ரெண்டு கொடந்தான் வருது. என்னாங்க ஆச்சு?" என்றாள் லூர்து மேரி.

"போர்ல ஊத்து கம்மி."

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கைப்பிடி இல்லை.

"நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சா உங்கள உசுரோட வுட மாட்டானுங்க."

"அந்தத் தெருவுல கொழந்தைங்க வாந்தியெடுக்குதுங்க மேரி."

"அது எனக்குப் புரியுதுங்க. அவனுங்களுக்குப் புரியணுமே."

மறுநாள் குழாயடியில் மற்றப் பெண்கள் தண்ணீர் நின்றதற்குக் கத்தியபோது லூர்து மேரி தன் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்தாள். சண்டை போடாமல் அவள் குழாயடியை விட்டுப் போனது அதுவே முதல் தடவை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குச் சவுரியப்பன் தொட்டிமேல் ஏறினான். தன் தெருத் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. பக்கத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. சுரண்டுகிற தகடும் விளக்குமாறும்தான் கிடந்தன, நடுவில் யாகப்பன் குத்தவைத்திருந்தார். கீழே மாரியம்மன் தெருக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இதற்குக் கணக்குப் போடப் பெரிய படிப்புத் தேவையில்லை. அங்கேயிருந்தே அவன் கத்தியது காட்டில் களை வெட்டியவர்களுக்கும் கேட்டது.

மதியத்துக்குள் பஞ்சாயத்து ஆபீசில் ஊர் கூடியது. யாகப்பன் மஞ்சள் தூளோடு நின்றார். மாதா தெரு, எங்கள் தண்ணீரைத் திருடி அவர்களுக்குக் கொடுத்தான் என்றது. மாரியம்மன் தெருவின் ஆத்திரம் அதைவிடப் பெரிது. மந்திரித்த தண்ணீரை, சொல்லாமல் கொள்ளாமல், திருவிழா முடிந்த வாரத்திலேயே எங்கள் வாயில் ஊற்றினான் என்றது. பச்சியப்பன் அந்த இடத்திலேயே ஓரமாகப் போய் ஓங்கரித்தார். பெயிண்ட் தண்ணீரைக் குடித்தபோது அவருக்கு ஒன்றும் வரவில்லை.

யாகப்பன் மாதேஸ்வரனைப் பார்த்தார்.

"பிரசிடெண்டுக்குத் தெரியுங்க. அவரக் கேளுங்க."

மாதேஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டேங்க்கு கழுவறேன்னு சொன்னான். கழுவுன்னேன். காக்கு, கீக்கு, எனக்கென்ன தெரியும்? நான் என்ன கப்பல்லயா இருந்தேன்?"

சிரிப்பு எழுந்தது. இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது.

"கொழந்தைங்களுக்கு இப்ப வாந்தி நின்னுருச்சா இல்லீங்களா?" என்றார் யாகப்பன். "அத மட்டும் சொல்லுங்க."

"டாக்டருக்குத்தான் காசு குடுத்தோம், உனக்கில்ல" என்றது ஒரு குரல்.

பேச்சு நீளவில்லை. இரண்டு தெருவும் ஒருமனதாகச் செய்த தீர்மானம் ஊர் நோட்டில் அது ஒன்றுதான் இருக்கும். காக் போக வேண்டும். ஆனால் அதைக் கழற்ற யாருக்கும் தெரியவில்லை. பொம்மிடியிலிருந்து வந்த பிட்டர் பார்த்துவிட்டு, இழுத்தால் இரண்டு குழாயும் உடையும், போட்டவனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டான். போட்டவரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு பக்கம் ஒரு தெரு, மறுபக்கம் மறுதெரு நின்று வேடிக்கை பார்த்தது. யாகப்பன் அவசரப்படவில்லை. கழற்றினார். கிளைக் குழாயின் வாயைச் சணல் சுற்றி, வெள்ளைப் பூச்சுத் தடவி, மூடி போட்டு முறுக்கினார். மாரியம்மன் தெருக் குழாயைப் பழைய தொட்டியோடு நேராக இணைத்தார். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, காய்ந்த துணியால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊரை இரண்டாக வைக்கும் வேலையைக்கூட அவருக்கு ஏனோதானோ என்று செய்யத் தெரியவில்லை. அந்த நாலு கிலோப் பித்தளையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் வேலையும் போயிற்று. அவருக்குப் பதில் தெருவுக்கு ஒரு ஆளாக இரண்டு பேரை வைத்தார்கள். மோட்டார் ஒன்று, சுவிட்ச் ஒன்று, பூட்டு மட்டும் இரண்டு. ஒருவன் வராவிட்டால் இன்னொருவனால் திறக்க முடியாது. அதனால் தண்ணீர் வராத நாட்களில் இரண்டு தெருவுக்கும் சரிசமமாக வரவில்லை.

ஆடியில் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. போர் வற்றிவிட்டது. நீலத் தொட்டியும் மஞ்சள் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்து நின்றன. யூனியன் ஆபீசிலிருந்து தினம் ஒரு லாரி தண்ணீர் வந்தது. லாரிக்குப் பின்னால் ஒரு குழாய், முன்னால் இரண்டு வரிசை. எந்த வரிசைக்கு முதலில் என்று தினமும் அடிதடி. ஒரு பெண்ணுக்குக் குடத்தால் மண்டை உடைந்தது. லாரிக்காரர் இனி இந்த ஊருக்கு வரமாட்டேன் என்றார்.

அன்று மாதேஸ்வரனும் சவுரியப்பனும் யாகப்பன் வீட்டு வாசலுக்கு ஒன்றாக வந்தார்கள். இருவரையும் ஒரே வாசலில் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நடந்தது நடந்துபோச்சு யாகப்பா" என்றார் மாதேஸ்வரன். "லாரிக்கு ஒரே கொழாயா இருக்குது. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு வர்ற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா?"

"உங்ககிட்ட அந்தப் பித்தள காக்கு இருக்குதில்லண்ணா?" என்றான் சவுரியப்பன்.

உள்ளேயிருந்து லூர்து மேரியின் குரல் வந்தது. "இல்ல! எடைக்குப் போட்டாச்சு! குண்டா வாங்கியாச்சு!"

யாகப்பனின் பார்வை அவர்களைத் தாண்டி ரோட்டில் நின்ற லாரிமேல் இருந்தது. அதன் குழாய்க்கு மூடி கிடையாது. கந்தைத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். துணியிலிருந்து தண்ணீர் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டின் புழுதியில் ஈரக்கோடு ஒன்று லாரியிலிருந்து புறப்பட்டு, வளைவு தாண்டி, பொம்மிடிப் பக்கம் போயிற்று.

"வழி பூரா இப்படித்தான் ஒழுகுதா?"

"ஆமாமா. கால்வாசி ரோட்டுலயே போயிருது."

யாகப்பன் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து பித்தளைக் காக்கை இழுத்தார். லூர்து மேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கமே இல்லையாங்க உங்களுக்கு?"

"ஒழுகுது மேரி."

அவள் கையை விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வாயில் உள்ளே வாங்கி ஒரு வாயில் வெளியே விடுவதற்குச் செய்த காக் அது. திருப்பி மாட்டினால் ஒரு வாயில் வாங்கி இரண்டு வாயில் விடும். எட்டு வருஷம் கையில் வைத்திருந்தும் யாகப்பனுக்கு இது தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியம் வரவில்லை. லாரியின் அடியில் மல்லாந்து படுத்து அரை மணி நேரத்தில் மாட்டி முடித்தார். கைப்பிடியைப் போட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இடது பக்கம் தள்ளுனா மாரியம்மன் தெரு. வலது பக்கம் தள்ளுனா மாதா தெரு."

"நடுவுல வெச்சா?"

"யாருக்கும் வராது. வண்டி ஓட்டும்போது அப்படி வெச்சிக்கங்க."

லாரிக்காரர் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "இத முன்னாடியே மாட்டியிருக்கலாமேங்க, இவ்வளவு சண்ட எதுக்கு?" என்றார்.

யாகப்பன் காய்ந்த துணியை எடுத்துப் பித்தளையின் அடியில் தடவிப் பார்த்தார். துணி நனையவில்லை. எழுந்து முதுகுப் புழுதியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு குடம் எடுத்து வந்து, வலது பக்க வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.